கந்தக அறையில் இருபத்திரண்டு வருஷம்

ஒரு நாள் வயதுள்ள தேனீப் புழுவை ஊசிமுனையில் ஏந்தி வேறொரு மெழுகுக் கிண்ணத்தில் கிடத்தும்போது சிரிலா மூச்சு விடமாட்டாள். புழு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பேனா முனை பட்ட காற்புள்ளி அளவுதான் இருக்கும். அதன் முதுகுப் பக்கமாக ஊசியை நுழைத்து, அது மிதக்கிற பாலோடு சேர்த்துத் தூக்க வேண்டும். கொஞ்சம் புரண்டுவிட்டாலும் தாதித் தேனீக்கள் அதை ஏற்காது, தூக்கி எறிந்துவிடும். நூறு புழுவை மாற்றினால் சிரிலாவுக்குத் தொண்ணூற்றைந்து ராணியாகும். ஐம்பத்தெட்டு வயதில் இந்தக் கை யாருக்கு இருக்கிறது என்று யெலோவிட்சா மலையடியில் கேட்டுப் பார்த்தால், அவளைப் பிடிக்காதவர்கள்கூட அவள் பெயரைத்தான் சொல்லுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சமையலறை மேசையில் நாற்பது புழுக்களில் முப்பத்தெட்டை முடித்திருந்தாள். வெளியே பனிச் சாமிகளின் குளிர். மே மாதம் பாதியாகும்போது மூன்று சாமிகளின் திருநாள் அடுத்தடுத்து வரும். வசந்தம் வந்துவிட்டதென்று நம்பித் தக்காளி நட்டவனை அழவைத்துவிட்டுத்தான் அவை போகும். நான்காவதாகப் பெண் சாமி சோஃபியா வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போவாள். தேனீக்கள் வெளியே தலைகாட்டவில்லை. அடுப்பில் சோளக்களி கொதித்துக்கொண்டிருந்தது.

புருஷன் அம்ப்ரோஷ் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான். அவன் பேசாமல் நின்றால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். முப்பத்தோரு வருட அனுபவம். அவள் மீதி இரண்டு புழுவையும் மாற்றி, ஈரத்துணியால் மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“என்ன உடைச்ச?”

“எதையும் உடைக்கல. அந்தப் பழைய கம்ப்யூட்டரு... எழுந்திரிக்க மாட்டேங்குது.”

“செருகினியா?”

“செருகினேன். வேற ஓட்டையிலயும் செருகிப் பாத்தேன். அதே ஓட்டையில விளக்கைச் செருகிப் பாத்தேன், விளக்கு எரியுது. அது எரியல.”

சிரிலா எழுந்துவிட்டாள்.

அவள் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை தலைநகரிலிருந்து இனப் பரிசோதனைக் குழு வருகிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும். சிரிலா ராணித் தேனீக்களை வளர்த்து விற்பவள். தீப்பெட்டி அளவு கூண்டில் ஒரு ராணி, கூட எட்டுப் பணிப்பெண்கள், ஒரு விரல் சர்க்கரைப் பாகு என்று அடைத்துத் தபாலில் அனுப்புவாள். ஒவ்வொரு ராணிக்கும் தாய், பாட்டி, பூட்டி என்று ஐந்து தலைமுறையை எழுத்தில் காட்டினால் உரிமம் தொடரும். காட்டாவிட்டால் கூட்டில் இருப்பது வெறும் ஈ. அதை ராணி என்று யாருக்கும் விற்க முடியாது.

எழுத்து அத்தனையும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. எந்த ராணி, எண் என்ன, தாய் யார், முதுகில் என்ன நிறப் பொட்டு, கொட்டுமா, கூட்டம் பிரிந்து ஓடுமா, குளிரை எப்படித் தாங்கியது என்று இருபத்திரண்டு வருடமாகக் குளிர்காலம் தோறும் உட்கார்ந்து தட்டியது. நான்காயிரத்துச் சொச்சம் ராணிகள். ஈஸ்டருக்கு மகள் நேஷா லுப்லியானாவிலிருந்து மெல்லிசாக, வெள்ளி நிறத்தில் புதிய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்தாள். “பழசைத் தூக்கிப் போட்டுறாதீங்க, அடுத்த தடவை வரும்போது எல்லாத்தையும் மாத்தித் தர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த தடவை என்பது வரவேயில்லை. பிள்ளைகள் தலைநகரில் வேலைக்குப் போனால் அப்படித்தான்.

“எங்க வெச்சிருந்த?” என்று கேட்டாள் சிரிலா.

“நல்ல எடத்துலதான் வெச்சேன். இந்த வீட்டுலயே ஈரமில்லாத எடம், எலி வராத எடம். காத்துகூடப் போகாது.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

“அடை வைக்கிற அறையிலயா?”

“ஆமா.”

“ஏப்ரல் கடைசியில அந்த அறையில என்ன பண்ணுன?”

அம்ப்ரோஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வெற்றுத் தேனடைகளை மெழுகுப்பூச்சி தின்னாமலிருக்க வருடா வருடம் அந்த அறையில் கந்தகப் பட்டை கொளுத்துவார்கள். கதவிடுக்கில் துணி திணித்து, மூன்று நாள் புகையைப் பூட்டி வைப்பார்கள். இந்த வருடம் பூச்சி அதிகம் என்று அவன் இரண்டு முறை கொளுத்தியிருந்தான். கந்தகப் புகை தேனடையை ஒன்றும் செய்யாது. செம்பைத் தின்றுவிடும். அறைக் கதவின் பித்தளைத் தாழ்ப்பாள் ஏன் எப்போதும் கறுத்துக் கிடக்கிறது என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

“பூச்சியிலேந்து காப்பாத்திட்டேன்” என்றான் மெதுவாக.

“ஆமா. ஒரு பூச்சியும் என் கம்ப்யூட்டரைத் தின்னல. பாராட்டணும் உன்னை.”

பெட்டியைச் சமையலறைக்குத் தூக்கி வந்து திறந்தார்கள். கொளுத்திய தீக்குச்சி நாற்றம் அடித்தது. உள்ளே செம்பாக இருந்ததெல்லாம் கரியாக இருந்தது. நேஷாவைப் போனில் பிடித்தார்கள்.

“பச்சை விளக்கு எரியுதாம்மா?”

“ஒண்ணுமே எரியல. உங்கப்பா எரிச்சதோட சரி.”

“சரி, பெட்டி போனாப் போகட்டும். அதுக்குள்ள ஹார்டுடிஸ்க்னு ஒண்ணு இருக்கும். ஒரு சோப்புக்கட்டி கனம். எழுதுனதெல்லாம் அதுலதான் இருக்கு. அதை மட்டும் கழட்டி, ஒரு ஒயர் வாங்கிப் புதுசுல மாட்டுனாப் போதும். ஆமா, நீ பிளாப்பியில நகல் எடுத்து வெச்சிருந்தியே?”

சிரிலாவின் முகம் மலர்ந்தது. ஆமாம், எடுத்து வைத்திருந்தாள். பதினோரு பிளாப்பி, நீலப் பெட்டியில். பிளாப்பியைப் படிக்கிற இயந்திரம் நேஷாவின் அலுவலகத்தில் ஏதாவது மூலையில் கிடக்காதா?

“அம்ப்ரோஷ், அந்த நீலப் பெட்டி எங்க?”

அம்ப்ரோஷ் அடுப்புப் பக்கம் திரும்பிக் களியைக் கிண்டினான். அவன் களி கிண்டி அவள் பார்த்ததே இல்லை.

“வா, காட்டுறேன்” என்றான் கடைசியில்.

வீட்டுக்குப் பின்னால், புல்சரிவில், கன்னி ராணிகளை வைக்கும் சின்னப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு தகடு. இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். பளபளவென்று இருந்தது. போன வருடமே சிரிலா அதைப் பார்த்து, எங்கே வாங்கினாய், நன்றாக வழுக்குகிறதே என்று மெச்சியிருந்தாள்.

“இதெல்லாம்...”

“பிளாப்பி மேல இருக்குமே, அந்தத் தகடு. ஸ்பிரிங்கோட கழண்டு வந்துச்சு. அளவு அப்படியே பொருந்திச்சு சிரிலா. செஞ்சு வெச்ச மாதிரி.”

“மிச்சம்?”

“அது சும்மா பிளாஸ்டிக்குதானேன்னு...”

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். அந்த வல்லவனைக் கட்டிக்கொண்டவள் பாடு என்ன என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சிரிலா அங்கேயே நின்று குளிர் மழையில் சிரித்தாள். பிறகு அழுதாள். அன்று மதியம் அவனுக்குக் களி மட்டும்தான். மேலே ஊற்றும் பன்றிக்கொழுப்பு வறுவல் இல்லை, புளித்த பால் இல்லை. அவன் கேட்கவும் இல்லை.

புதன்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் க்ரான் நகரத்துக்குப் போனாள். கடைக்காரன் ஹார்டுடிஸ்கைப் புரட்டிப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான், முகத்தைச் சுளித்தான்.

“இதை எங்கம்மா வெச்சிருந்தீங்க, நரகத்துலயா?”

“கிட்டத்தட்ட.”

“உள்ள இருக்கிற தட்டு கெட்டிருக்காது. அது மூடி போட்டு இருக்கு. வெளிய ஒட்டியிருக்கிற இந்தப் பச்சைப் பலகைதான் போச்சு. இது கரண்டு குடுத்தாத்தான் தட்டு சுத்தும். லுப்லியானாவுக்கு அனுப்பலாம், மூணு வாரம் ஆகும்.”

“எனக்கு மூணு நாள்கூட இல்ல.”

“அப்ப இதே மாதிரி இன்னொண்ணு வேணும். இதே கம்பெனி, இதே மாடல், முடிஞ்சா இதே வருஷம், இதே லாட்டு. அதோட பலகையைக் கழட்டி இதுல மாட்டலாம். இருபத்திரண்டு வருஷத்துச் சாமான், எங்க போய்த் தேடுவீங்க? நான் மாட்டித் தரவும் மாட்டேன். தப்பாப் போச்சுன்னா உள்ள இருக்கிறதும் வெந்துரும், அப்புறம் லுப்லியானாக்காரனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவள் ஒயரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு நுனி மின்சாரத்துக்கு, ஒரு நுனி ஹார்டுடிஸ்குக்கு, இன்னொன்று புதிய கம்ப்யூட்டருக்கு. வீட்டுக்கு வந்து பலகையின் கறுத்த பல்லையெல்லாம் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பார்த்தாள். செம்பு கொஞ்சம் வெளுத்தது. ஒயரை மாட்டினார்கள். ஒரு சத்தமும் இல்லை. சோப்புக்கட்டி சோப்புக்கட்டியாகவே கிடந்தது.

அப்போதுதான் யெர்னேய் வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன், அவனும் ராணி வளர்ப்பவன், தேனீ சங்கத்தில் சிரிலாவுக்கு எதிர்க்கட்சி. ‘எங்கப்பா காலத்துத் தேனீ, எழுபது வருஷத்து ரத்தம்’ என்று சங்கக் கூட்டத்தில் அவன் சொல்லாத வருடம் இல்லை. சொட்டும் மழைத்தொப்பியோடு அடுப்படியில் வந்து நின்றான்.

“கேள்விப்பட்டேன். கம்ப்யூட்டரு செத்துப்போச்சாமே.”

“யாரு சொன்னா?”

“க்ரான் கடைக்காரன் என் சித்தி மகன்.”

“அப்ப ஊருக்கே தெரிஞ்சிருக்கும். உக்காரு. காப்பி குடிக்க வந்தியா, சிரிச்சிட்டுப் போக வந்தியா?”

“ரெண்டும் சேத்தே பண்ணலாம்னு வந்தேன்.” உட்கார்ந்தான். “நான் அன்னிக்கே சொன்னேன் சிரிலா. எழுதணும்னா கூட்டுக் கதவுக்குப் பின்னாடி சாக்பீஸ்ல எழுதணும். சாக்பீஸுக்குக் கரண்டு வேணாம்.”

“துடைச்சாப் போயிரும்.”

“நான் துடைக்கிறதில்ல.”

“அதைத்தான் உன் பொண்டாட்டியும் சொல்றா, நீ எதையுமே துடைக்கிறதில்லன்னு.”

அம்ப்ரோஷ் இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தான். யெர்னேய் சிரிக்கவில்லை. காப்பிக் கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். சிரிக்க வந்தவன் இவ்வளவு நேரம் சிரிக்காமல் இருந்தால் வேறு எதற்கோ வந்திருக்கிறான்.

“வெள்ளிக்கிழமை உனக்கு. சனிக்கிழமை எனக்கு வர்றாங்க” என்றான்.

“தெரியும்.”

“கதவுல மூணு தலைமுறை எழுதி வெச்சிருக்கேன். போன தடவை அது போதும்னாங்க.”

“அஞ்சு கேப்பாங்க.”

“அஞ்சு கேப்பாங்க.” கோப்பைக்குள் பார்த்தான். “மேல ரெண்டு உன் பெட்டிக்குள்ளதானே இருக்கு.”

பதினைந்து வருடத்தில் அவன் வாயிலிருந்து அது வந்தது அன்றுதான். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடக் குளிரில் யெர்னேயின் அறுபது கூடும் ஓய்ந்துவிட்டன. இந்தப் பக்கத்தில் மாடு செத்தது, நாய் செத்தது என்பார்கள், தேனீயை மட்டும் மனிதரைச் சொல்வதுபோல இறந்துபோனது என்பார்கள். அறுபது கூடு இறந்த வீட்டில் சாவு வீட்டைவிட அமைதியாக இருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம் அவன் ரோட்டு வழியாக வராமல் ஓடை வழியாக வந்தான். சிரிலா ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று ராணிகளைக் கூண்டில் போட்டுக் கொடுத்தாள். அடுத்த வருடக் கூட்டத்தில் அவன் எழுந்து, அப்பா காலத்துத் தேனீ எப்படியோ பிழைத்துக்கொண்டது என்றான். வாயைத் திறக்கப்போன அம்ப்ரோஷின் காலை மேசைக்கு அடியில் சிரிலா மிதித்தாள். இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“உள்ளதான் இருக்கு” என்றாள் இப்போது. “ஆனா பூட்டிக் கெடக்கு. சாவி கந்தகத்துல போயிருச்சு. இதே மாதிரி இன்னொண்ணு இருந்தா அதோட பலகையை எடுத்துப் போடலாமாம். இருபத்திரண்டு வருஷத்துச் சாமான். எங்க தேடுறது?”

யெர்னேய் தலையைத் தூக்கினான்.

“நீ இதை எங்க வாங்குன?”

“சங்கத்துல. பத்துப் பேருக்கு மொத்தமா வாங்குனோமே...” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

“அந்தப் பத்துல ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு” என்றான் யெர்னேய். “டெலிவிஷன் பக்கத்துல. என் பொண்டாட்டி பூ வேலை செஞ்ச துணி போட்டு மூடி வெச்சிருக்கா.”

“உள்ள என்ன இருக்கு?”

“சீட்டாட்டம்.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல. நல்லா ஆடுவேன்.”

வியாழக்கிழமை காலையில் சரியான மழை. யெர்னேய் தன் கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து, ரெயின்கோட்டை அதற்குப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டு வந்தான். கூடவே அரை பாட்டில் பேரிக்காய்ச் சாராயம். துடைக்க இதைவிடச் சுத்தமான திரவம் இந்தப் பக்கத்தில் கிடைக்காது என்றான். அதில் தப்பில்லை. ஒரு சொட்டு துணிக்கு, ஒரு மடக்கு அம்ப்ரோஷுக்கு.

இரண்டு ஹார்டுடிஸ்கையும் வெள்ளைத் துணியில் அருகருகே கிடத்தினார்கள். சிரிலா புழு மாற்றும் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒட்டுத்தாளில் இருந்த எண்களை வாசித்தாள். யெர்னேய் அவனுடையதில் விரலை வைத்துக்கொண்டு சரிபார்த்தான். மாடல் ஒன்று. வருடம் ஒன்று. மாதமும் ஒன்று. கடைசி வரியில் ஓர் எழுத்து மட்டும் வேறு.

“அந்த ஒரு எழுத்து என்னவா இருக்கும்?” என்றான் அம்ப்ரோஷ்.

நேஷாவைப் போனில் கேட்டார்கள்.

“தெரியலம்மா. ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம். எல்லாமேயாவும் இருக்கலாம். மூணு வாரம் தள்ளிக் கேட்டுப் பாருங்களேன் அந்தக் குழுகிட்ட.”

“அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவங்க. தள்ளிக் கேட்டா அடுத்த வருஷம்னுவாங்க. ஒரு வருஷம் ராணி விக்காம இருந்தா வாங்குறவங்க வேற கையைப் பழகிக்குவாங்க.”

“அப்ப உன் இஷ்டம்மா. ஆனா கை நடுங்கக் கூடாது. அந்தப் பலகைக்கும் தட்டுக்கும் நடுவுல ரிப்பன் மாதிரி ஒண்ணு இருக்கும், முடியைவிட மெல்லிசு. அது மடங்குச்சுன்னா முடிஞ்சுது.”

“எவ்வளவு மெல்லிசு? புழுவை விடவா?”

போனில் நேஷா சிரித்தாள். “புழு பெரிசும்மா.”

திருகாணிகளின் தலையில் நட்சத்திரக் குழி. வீட்டில் இருந்த எந்தத் திருப்புளியும் சேரவில்லை. அம்ப்ரோஷ் எழுந்து போனான். அரை மணிநேரம் பட்டறையில் அரம் ராவும் சத்தம் கேட்டது. பழைய திருப்புளி ஒன்றின் நுனியை நட்சத்திரத்தின் இரண்டு காதுக்குள் அச்சாக உட்காரும்படி சீவிக்கொண்டு வந்து சிரிலாவின் கையருகே வைத்தான். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்கள் இந்த மாதிரி எதையாவது சீவிக்கொண்டு வருவார்கள். அவள் அதை எடுத்துப் பார்த்தாள், “நல்லா இருக்கு” என்றாள். அவனுக்கு அது போதும்.

முதலில் யெர்னேயுடையது. ஆறு திருகாணி. பலகை சுத்தமான பச்சையில் கழன்று வந்தது. இருபத்திரண்டு வருடம் பூவேலைத் துணிக்கு அடியில் இருந்த பலகை. பிறகு அவளுடையது. நாலாவது திருகாணி அசைய மறுத்தது. அம்ப்ரோஷ் கையை நீட்டினான்.

“எடு கையை.”

அவன் எடுத்துவிட்டான். அவள் ஊசிமுனையில் ஒரு சொட்டு சாராயத்தை அதன் தலையில் வைத்து, நூறு வரை எண்ணிவிட்டுத் திருகினாள். வந்தது. கறுத்த பலகை பிரிந்தபோது ரிப்பன் தெரிந்தது. சிரிலா மூச்சை நிறுத்தினாள். புழு மாற்றும் ஊசியால் அதன் நுனியை நெம்பி எடுத்து, துடைத்து, புதிய பலகையின் பல்லில் கிடத்தினாள். அவ்வளவு நேரமும் யெர்னேய் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும், அவன் பார்ப்பது என்னவென்று. தன் கை இப்போது கொஞ்சம் ஆடுகிறது என்பதும் அவனுக்குத் தெரியும்.

“விடு மூச்சை” என்றான் கடைசியில். “எனக்கு மூச்சு முட்டுது.”

ஆறு திருகாணியும் உள்ளே போயின. ஒயரை மாட்டினார்கள். சுவர்ச் சுவிட்சை யார் போடுவது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிலாவே போட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு டிக். பிறகு மெல்ல மெல்ல ஏறும் ஒரு ரீங்காரம், ஓரிடத்தில் போய் நின்று ஒரே சுருதியில் இழுத்தது.

“ராணி கூவுது” என்றான் அம்ப்ரோஷ். மெழுகுக் கூட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வருமுன் புது ராணி போடும் சத்தம் அப்படித்தான் இருக்கும். யெர்னேய் தொப்பியைக் கழற்றினான்.

புதிய கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் உறை தோன்றியது. சிரிலா அதைத் தொட்டாள். உள்ளே வருடங்கள் வரிசையாக நின்றன. ஒன்றைத் திறந்தாள். ஊர்ப் பெயர்களிலும் ஆள் பெயர்களிலும் சில எழுத்துகள் கிறுக்கலாக மாறியிருந்தன. ஆனால் எண் எண்ணாகவே இருந்தது. ‘14. தாய் 3. மஞ்சள் பொட்டு. கையில் எடுத்தாலும் கொட்டவில்லை. குழந்தை மாதிரி.’ இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், நேஷா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், இதே மேசையில் உட்கார்ந்து அவள் எழுதியது. இன்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ராணியும் அந்தப் பதினான்கின் வயிற்றுவழி வந்தது.

சிரிலா சத்தம் போடவில்லை. குதிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, “என் புள்ளைங்க” என்றாள், “எல்லாம் வந்துருச்சு.” அவளுக்கு உடம்பெல்லாம் வெயில் அடித்த மாதிரி இருந்தது. அம்ப்ரோஷ் அவள் தோளில் கை வைத்தான். அவள் தட்டிவிடவில்லை. அன்று மதியம் களிமேல் கொழுப்பு வறுவல் குவித்துப் போட்டாள். யெர்னேய்க்கும் ஒரு தட்டு. எழுத்தையெல்லாம் புதிய கம்ப்யூட்டரில் ஒன்று, நேஷாவுக்கு ஒன்று, பாங்கியில் இருக்கும் பெட்டிக்கு ஒன்று என்று நகலெடுத்தாள். அடை வைக்கும் அறைக்கு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாமி சோஃபியா சொன்ன சொல் தவறாமல் நனைத்தாள். குழுவில் இரண்டு பேர். லிடியா என்ற அம்மாள்தான் தலைவி. கண்டிப்பானவள், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவள். கூடுகளை அலமாரிபோல அடுக்கியிருந்த தேனீ வீட்டுக்குள் போய், அவற்றைப் பின்பக்கமாகத் திறந்து ஏழு ராணிகளைப் பார்த்தாள், ஏழு எண்ணைக் குறித்துக்கொண்டாள். பிறகு சமையலறையில் உட்கார்ந்து, அவள் அந்த ஏழு எண்ணையும் சொல்லச் சொல்ல சிரிலா புதிய கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினாள். தாய். பாட்டி. பூட்டி. ஐந்தாவது தலைமுறைக்கு வந்ததும் லிடியா பேனாவை வைத்துவிடுவாள் என்று நினைத்தார்கள். அவள் வைக்கவில்லை.

“இன்னும் மேல போகுதா?”

“போகுது.”

“எதுவரைக்கும்?”

“பதினாலாம் நம்பர் ராணி வரைக்கும். ரெண்டாயிரத்து ரெண்டு.”

லிடியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே படிக்க ஆரம்பித்தாள். நேரம் போனது. கூட வந்தவன் இரண்டாவது காப்பியையும் முடித்தான். பக்கத்தில் நின்ற யெர்னேய், திருப்புளி திருப்பித் தர வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தான். அது அம்ப்ரோஷின் திருப்புளி, யெர்னேயிடம் போகவே இல்லை. யாரும் அதைக் கேட்கவில்லை.

“அம்மா” என்றாள் லிடியா, “இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். நடுவுல ஒரு வருஷம்கூட விடாம எழுதி வெச்சவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன். அஞ்சு வருஷம் இல்ல, எங்களுக்கு விதி அனுமதிச்சா ஐம்பது வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுருவேன்.” போட்டாள். முத்திரை விழுந்த சத்தத்தில் அம்ப்ரோஷ் எழுந்து நின்றுவிட்டான், தேவாலயத்தில் நிற்பதுபோல.

லிடியா பையை மூடிக்கொண்டே யெர்னேயைப் பார்த்தாள். “நாளைக்கு உங்க வீடு. அனுப்புன தாள்ல மூணு தலைமுறைதான் இருக்கு. மேல ‘அப்பா காலத்தது’ன்னு எழுதியிருக்கீங்க. அது எனக்குப் பத்தாது.”

யெர்னேயின் கழுத்து சிவந்தது. சிரிலா அவனைப் பார்க்கவில்லை. திரையை அணைக்கப் போனாள்.

“அணைக்காத” என்றான் அவன். பிறகு லிடியாவிடம் திரும்பினான். “அம்மா, என்னோடதையும் இங்கயே பாத்துருங்க. எங்கப்பாவோட தேனீங்க ரெண்டாயிரத்து ஒன்பதுலயே இறந்துபோச்சு. அறுபது கூடும். இப்ப எங்கிட்ட இருக்கிறது சிரிலா குடுத்தது. பதினஞ்சு வருஷமா நான் சங்கத்துல பொய் சொல்லிட்டிருக்கேன்.”

அம்ப்ரோஷ் வாயைத் திறந்தான். சிரிலாவின் கால் மேசைக்கு அடியில் தயாராக இருந்தது. அவன் மூடிக்கொண்டான்.

லிடியா மறுபடி உட்கார்ந்து அந்த வருடத்தைத் திறந்தாள். ஜூன் மாதம். விரலை வரிசையாக இறக்கிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, உரக்கப் படித்தாள்.

“ஜூன் பதினொண்ணு. இருநூத்துப் பன்னெண்டு, இருநூத்துப் பதினாலு, இருநூத்துப் பத்தொம்பது. யெர்னேய்க்கு. இந்த வருஷத்தோட முதல் மூணு.”

“முதல்ல பொறந்ததா?” என்றான் யெர்னேய்.

“தரத்துல முதல்” என்றாள் சிரிலா.

அவன் குனிந்து திரையில் அந்த வரியைப் பார்த்தான். “நீ கழிச்சதைத்தான் குடுத்தன்னு நெனச்சேன் சிரிலா. கழிச்சதை வாங்கி நான்தான் நல்லதாக்குனேன்னு. இத்தனை வருஷமா அந்தத் தைரியத்துலதான் உன்னோட சண்டை போட்டுட்டிருந்தேன். எதுக்கு எனக்கு முதல் மூணைக் குடுத்த?”

“வேற எதைக் குடுக்கறது? நடுவுல ஒரு ஓடைதான் இருக்கு. என் ராணி பறந்துபோய்க் கூடுறது உன் கூட்டு ஆண் ஈயோட. உங்கிட்ட கழிசலைக் குடுத்துட்டு நான் எந்த மானத்துல நல்ல இனம் வளக்கிறது? உன் கூடு நல்லா இருந்தாத்தான் என் ராணிக்கு நல்ல புள்ள.”

லிடியா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். கூட வந்தவனும் சிரித்தான். யெர்னேயும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டான்.

“அடுத்த கூட்டத்துல எழுந்து நானே எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்.”

“சொல்ல வேணாம் யெர்னேய்” என்றாள் சிரிலா. “அதான் எழுதியிருக்கே.”